ஏரியா சபைக்குப் போய் என்னதான் கேக்கணும்? போன அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க

மொட்டைமாடி_மல்லிகை · ஞாயிறு இரவு 9.40

வணக்கம். ஆதம்பாக்கம் பக்கம் ரெண்டாவது மாடியில நாலு வருஷமா வாடகைக்கு இருக்கோம். பொண்ணு மூணாம் வகுப்பு. பள்ளிக்கூடம் நடந்து போனா ஏழு நிமிஷம். அந்த ஏழு நிமிஷத்துல ஒரு முக்கு வருது. நடைபாதையை முழுசா அடைச்சுக்கிட்டு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் நிக்குது. அதைச் சுத்திப் போகணும்னா ரோட்டுல இறங்கணும். மெயின் ரோட்டுல வர்ற வண்டிங்க வேகத்தைக் குறைக்காம உள்ள திரும்பறதும் சரியா அந்த இடத்துலதான். போன மாசம் ஒரு பையனை பைக் தட்டிட்டுப் போயிடுச்சு. முட்டியில சிராய்ப்போட போச்சு.

அதனால வாழ்க்கையில முதல் தடவையா ஏரியா சபைக்கு, அதாவது மாநகராட்சி நம்ம பகுதி ஜனங்களைக் கூப்பிட்டுக் குறை கேக்கற கூட்டத்துக்குப் போனேன். சமுதாயக் கூடத்துல நூறு நாற்காலி போட்டிருந்தாங்க. எண்ணிப் பார்த்தேன், பதினோரு பேர். அதுல மூணு பேர் ஆபீஸ்காரங்க. ஒருத்தர் தெருநாய் பத்திப் பேசினார், ஒருத்தர் கொசு பத்தி, இன்னொருத்தர் பக்கத்து வீட்டு முருங்கை மரம் பத்தி. நான் எழுந்து "ரோடு பாதுகாப்பா இல்லைங்க"ன்னேன். "நோட் பண்ணிக்கறோம்மா"ன்னாங்க. எந்த நோட்டுல எழுதினாங்கன்னு தெரியல.

வெளிய வரும்போது ஒரு பெரியவர், நல்லவிதமாத்தான், "நீங்க வாடகைக்கு இருக்கறவங்கதானே?"ன்னு கேட்டார்.

அடுத்த சபைக்குப் போறது பிரயோஜனமா? போனா எப்படிப் பேசணும்? இல்ல, வேற வீடு பார்க்கறதுதான் வழியா?

---

சும்மா_சொல்றேன் · ஞாயிறு இரவு 9.58

வேற வீடு பாருங்க. அங்கயும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும்.

---

கணக்கப்பிள்ளை · ஞாயிறு இரவு 10.31

மேல சொன்னவர் சொல்றதுல பாதி உண்மை இருக்கு. ஆனா முதல்ல அந்தப் பெரியவர் கேள்விக்குப் பதில் சொல்லிடறேன். ஏரியா சபைங்கறது வீட்டு ஓனர் சங்கம் கிடையாது. அந்தப் பகுதி வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கற எல்லாருக்கும் அதுல இடம் உண்டு. அடுத்த தடவை யாராவது கேட்டா "வாடகைதான், ஓட்டு இங்கதான்"னு சொல்லுங்க. ஓட்டு இன்னும் சொந்த ஊர்லயே இருந்தா, முதல் வேலையா அதை மாத்துங்க.

74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993ல அமலுக்கு வந்துச்சு. 3 லட்சத்துக்கு மேல ஜனம் இருக்கற ஊர்ல வார்டு குழு கட்டாயம்னு அதுல 243எஸ் பிரிவு சொல்லுது. நம்ம மாநிலத்துல அதுக்கும் ஏரியா சபைக்கும் விதிமுறை வந்தது 2022ல. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலே 2011க்கு அப்புறம் 2022 பிப்ரவரியிலதான் நடந்துச்சு. நடுவுல பல வருஷம் கவுன்சிலர்னு ஒருத்தர் கிடையாது, தனி அதிகாரி ஆட்சி. முதல் ஏரியா சபைக் கூட்டம் 2022 நவம்பர் 1. ஆக, இது நடை பழகுற குழந்தை. பதினோரு பேர் வந்ததே எனக்கு ஆச்சரியம்.

"ரோடு பாதுகாப்பா இல்லை"ன்னு சொன்னா யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது. அது புலம்பல் கணக்குல போயிடும். செலவுத் தலைப்புல ஏறாது.

---

நங்கநல்லூர்_தாத்தா · திங்கள் காலை 5.50

அம்மா மல்லிகை, நீ இருக்கற வீட்டுக் குளியலறைத் தண்ணி எங்க போகுதுன்னு தெரியுமா உனக்கு?

ஆதம்பாக்கம், நங்கநல்லூர், பழவந்தாங்கல், ஆலந்தூர் எல்லாம் சேர்ந்து 2011 வரைக்கும் தனி நகராட்சி. 90கள்ல எங்க யார் வீட்டுலயும் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். நிலத்தடி நீர் மேலயே இருக்கற ஊர், ஒரு மழை பெய்ஞ்சா டேங்க் பொங்கும். லாரியைக் கூப்பிட்டா இன்னிக்கு வரேன் நாளைக்கு வரேன்பான். கொசு வேற. சாயங்காலம் ஆறு மணிக்கு ஜன்னலைச் சாத்தலேன்னா தூக்கம் போச்சு.

1996ல ஆர்.எஸ்.பாரதி நகராட்சித் தலைவரா வந்தார். பாதாளச் சாக்கடை போடலாம், ஆனா நகராட்சிகிட்ட அவ்வளவு பணம் இல்ல, வீட்டுக்கு 5,000 ரூபா டெபாசிட் கட்டுங்கன்னார். கடைக்கு 10,000. அந்தக் காலத்து 5,000, என் சம்பளத்துல பாதிக்கு மேல. எங்க தெருவுல ஒரே கூச்சல். "குழாயே வராது, காசு போயிடும்"னு சொன்னவங்கள்ல நானும் ஒருத்தன், மறைக்கறதுக்கு என்ன இருக்கு.

தெருத் தெருவா கூட்டம் போட்டாங்க. நலச் சங்கங்கள்தான் அதுல பெரிய வேலை பார்த்தது. நகராட்சி ஆள் வந்து சொன்னா எவனும் நம்ப மாட்டான். பக்கத்து வீட்டு வாத்தியார் வந்து "நான் கட்டிட்டேன், ரசீது இதோ"ன்னா மனசு மாறும். எங்க தெருவுல அப்படித்தான் ஆச்சு. அந்தப் பணம் தனிக் கணக்குல இருக்கு, வேற செலவுக்கு எடுக்க முடியாதுன்னு சொன்னாங்க. அதுதான் என்னை அசைச்சது.

மக்கள் பணம் மொத்தச் செலவுல கால் பங்குக்கு மேலயே வந்துச்சு. மீதிக்குத் தமிழ்நாடு நகர்ப்புற மேம்பாட்டு நிதியத்துக் கடன், கொஞ்சம் மானியம். 2000ல தோண்ட ஆரம்பிச்சாங்க. நூறு கிலோமீட்டருக்கு மேல குழாய். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை ஒரு தனியார் கம்பெனி கட்டி, நடத்தி, அப்புறம் ஒப்படைக்கணும்னு ஒப்பந்தம். இந்தியாவுல நகராட்சி அளவுல அந்த மாதிரி அதுதான் முதல்னு வெளியூர்லேர்ந்து வந்து பார்த்துட்டுப் போனாங்க. மாசா மாசம் கட்டணம் தனி.

உன் வீட்டுத் தண்ணி அதுலதான் போகுது. நீ இப்ப இருக்கற வீட்டுக்காரரோ, அவர் அப்பாவோ அந்த 5,000த்தைக் கட்டியிருப்பார். கேட்டுப் பாரு.

---

மொட்டைமாடி_மல்லிகை · திங்கள் காலை 8.15

தாத்தா, இதைப் பஸ்ஸுல படிச்சுட்டு இருக்கேன். நாலு வருஷத்துல ஒரு தடவை கூட அந்தத் தண்ணி எங்க போகுதுன்னு நான் யோசிச்சதே இல்ல. சாயங்காலம் ஹவுஸ் ஓனர்கிட்ட கேக்கறேன்.

---

சும்மா_சொல்றேன் · திங்கள் காலை 9.02

தாத்தா மன்னிக்கணும், ஒரு சந்தேகம். வீட்டு வரி கட்டறோம், தண்ணி வரி கட்டறோம், பெட்ரோல்ல வரி, பருப்புல வரி. அதுக்கு மேல 5,000 கொடுத்தாத்தான் சாக்கடைன்னா, அது மக்கள் பங்களிப்பா, மறைமுக வசூலா? இதைப் பெருமையா வேற சொல்லணுமா?

---

நங்கநல்லூர்_தாத்தா · திங்கள் காலை 10.20

நியாயமான கேள்விதான் தம்பி. நானும் அன்னிக்கு இதையேதான் கேட்டேன். பக்கத்துல இருந்த சில ஊர்கள் அரசாங்கம் போடட்டும்னு காத்திருந்தாங்க. அவங்களுக்கு எத்தனை வருஷம் கழிச்சு வந்துச்சுன்னு நீயே விசாரிச்சுப் பாரு. அந்த வருஷங்கள்ல செப்டிக் லாரிக்கு அவங்க கொடுத்த பணம் 5,000த்துக்குள்ளயா இருந்திருக்கும்?

---

கணக்கப்பிள்ளை · திங்கள் மதியம் 1.45

சாப்பாட்டு இடைவேளை. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

சும்மா_சொல்றேன் கேள்விக்குள்ள ஒரு தப்பான கணக்கு ஒளிஞ்சிருக்கு. நாம கட்டற வரியில பெரும்பகுதி மாநகராட்சிக்குப் போறதே இல்ல. பருப்பு வரியும் பெட்ரோல் வரியும் டில்லிக்கும் கோட்டைக்கும் போகுது. தெருவிளக்கு, குப்பை, ரோடு, வடிகால், பூங்கா இதையெல்லாம் பார்க்கற ஆபீஸுக்குன்னு சொந்தமா இருக்கற பெரிய வரவு வீட்டு வரிதான். மத்ததுல பெரும்பகுதி மேல இருந்து மானியமா வரணும்.

சென்னையில அந்த வீட்டு வரி 1998ல மாத்தினது. 2018ல ஏத்தினாங்க, கூச்சல் கிளம்பினதும் 2019ல நிறுத்தி வெச்சுட்டாங்க. கடைசியில 2022ல ஒரே அடியா ஏத்தினாங்க. பழைய சென்னைப் பகுதியில 600 சதுர அடிக்குள்ள இருக்கற வீட்டுக்கு 50 சதவீதம், 1,800க்கு மேல 150 சதவீதம். 24 வருஷம் தூங்கிட்டு எழுந்து மொத்தமா கேட்டா யாருக்குத்தான் வலிக்காது? 15ஆவது நிதிக் குழு வீட்டு வரியை ஒழுங்குபடுத்தினாத்தான் மானியம்னு நிபந்தனை போட்டதும் ஒரு காரணம்.

அந்த 24 வருஷத்துல சம்பளம், தார், சிமென்ட் எல்லாம் என்ன விலை ஏறிச்சு? வரி மட்டும் நின்ன இடத்துலயே நின்னுது. ஓட்டுக்காக நிறுத்தி வெச்சவங்களையும் நாமதான் கைதட்டி அனுப்பினோம். அதுக்கான விலை பராமரிப்புல தெரியும். புதுசாத் திறக்கறதுக்கு ரிப்பன் வெட்ட ஆள் வருவாங்க. வடிகால்ல மண் எடுக்கறதுக்கு ரிப்பன் கிடையாது. அதனால புதுசு நிறைய வரும், பழசு பாழாகும்.

கொடுங்கையூர் குப்பைக் கிடங்கைப் பாருங்க. கிட்டத்தட்ட 350 ஏக்கர். குப்பையைப் பிரிக்காம மலிவாக் கொட்டினோம்ல, அதைத் தோண்டிப் பிரிச்சு நிலத்தை மீட்க இப்ப 640 கோடி ரூபாய்த் திட்டம். அதுக்காக மாநகராட்சி 2025ல 200 கோடிக்குக் கடன் பத்திரம் வெளியிட்டுச்சு. அன்னிக்கு மிச்சம் பிடிச்சதா நினைச்ச காசுக்கு இன்னிக்கு வட்டி கட்டறோம்.

ஒரு உபரித் தகவல்: அரையாண்டு வரியை முதல் மாசத்துலயே கட்டினா 5 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 5,000 ரூபா. தாமதமானா மாசம் 1 சதவீதம் வட்டி. எங்க மாமனார் இதுல பெரிய கில்லாடி, ஏப்ரல் 1ஆம் தேதியே கட்டிட்டு ஏதோ லாட்டரி விழுந்த மாதிரி சிரிப்பார்.

---

சொந்தவீடு_சோகம் · திங்கள் மாலை 6.30

வரியை ஏத்துங்க, தப்பில்ல. ஆனா ரோடு போடறேன்னு என் வீட்டைப் புதைச்சுட்டாங்களே, அதுக்கு யார் பதில் சொல்றது? அப்பா வீடு கட்டினப்ப வாசல்ல மூணு படி ஏறணும். இப்ப ஒரு படி இறங்கணும். ஒவ்வொரு தடவையும் பழைய தார் மேலயே புதுத் தார். பழசைச் சுரண்டி எடுத்துட்டு அதே மட்டத்துல போடணும்னு 2021ல தலைமைச் செயலரா இருந்த இறையன்பு எல்லாத் துறைக்கும் சொன்னார். எங்க தெருவுக்கு ஜல்லி வண்டி வந்தன்னிக்கு அந்தச் செய்தியைக் காட்டினேன். மேஸ்திரி, "சார், சுரண்டற மெஷின் வரல, ஜல்லி வந்துடுச்சு, நான் என்ன பண்ண?"ன்னார்.

நாலு வீட்டுக்காரங்க சேர்ந்து நாற்காலி போட்டு ரோட்டுல உக்காந்தோம். எங்க வீட்டம்மா எல்லாருக்கும் டீ போட்டாங்க, மேஸ்திரிக்கும் சேர்த்துத்தான். மூணாம் நாள் மெஷின் வந்துச்சு. என் அனுபவத்துல, உள்ளூர்க்காரங்க ஊருக்குச் செய்யற பெரிய உபகாரம் இதுதான், வேலை நடக்கற அன்னிக்கு வாசல்ல நிக்கறது. எஸ்டிமேட்ல என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு நிக்கணும்.

---

ரிட்டயர்டு_ஜே.இ. · திங்கள் இரவு 8.10

ஒரு நகராட்சியில் 31 வருடம் பொறியாளராக வேலை பார்த்தவன். நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து. உண்மையைச் சொன்னால் எங்களுக்கு அது உதவிதான். "ஜனங்க விட மாட்டேங்கறாங்க சார்" என்று மேலே சொல்ல ஒரு காரணம் கிடைக்கும்.

மல்லிகை அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் "பாதுகாப்பு இல்லை" என்றால் எங்கள் மூளை உடனே இரண்டு பதில்தான் யோசிக்கும்: ஸ்பீட் பிரேக்கர், அல்லது போலீஸ். தயவுசெய்து ஸ்பீட் பிரேக்கர் கேட்காதீர்கள். சாலைகளுக்கு அளவு வகுக்கும் இந்தியச் சாலைப் பேராயத்தின் கணக்குப்படி அது 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும், ஏறுவதும் இறங்குவதும் தெரியாத மாதிரி. நம் தெருக்களில் இருப்பது அரை அடி உயரத்தில் ஒரு மொட்டு. கர்ப்பிணிகளுக்கும் முதுகுவலிக்காரர்களுக்கும் அது தண்டனை. பைக்காரன் ஓரத்து இடைவெளியில் நுழைந்து போய்விடுவான்.

டிரான்ஸ்ஃபார்மரை நகர்த்தச் சொல்லியும் கேட்காதீர்கள். அது மின்வாரியத்தின் சொத்து. மாநகராட்சி பணம் கட்டி, அவர்கள் எஸ்டிமேட் போட்டு, மாற்று இடம் பார்த்து, அந்த மாற்று இடத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்து... உங்கள் மகள் காலேஜ் போய்விடுவாள்.

அதற்குப் பதிலாக, அந்த முக்கில் நடைபாதையை டிரான்ஸ்ஃபார்மருக்கு வெளிப்பக்கமாக, ரோட்டுக்குள் கொஞ்சம் தள்ளிக் கட்டச் சொல்லுங்கள். நடப்பதற்குத் தடையில்லாமல் 1.8 மீட்டர் வேண்டும் என்பது விதி. உயரம் 15 செ.மீட்டருக்கு மேல் போகக் கூடாது, போனால் என் வயதுக்காரன் ஏறமாட்டான், ரோட்டிலேயே நடப்பான். இப்படித் தள்ளிக் கட்டினால் இரண்டு லாபம். குழந்தை ரோட்டில் இறங்க வேண்டாம். தெரு வாய் குறுகுவதால் வண்டி தானாக வேகம் குறைத்துத்தான் திரும்ப வேண்டும். டிரைவரைக் கெஞ்ச வேண்டியதில்லை, திட்ட வேண்டியதில்லை. வளைவு கட்டாயப்படுத்தும்.

செலவு? சில மீட்டருக்கு நடைபாதை ஓரத்தில் பதிக்கும் கெர்ப் கல், கொஞ்சம் கான்கிரீட். கவுன்சிலரின் வார்டு மேம்பாட்டு நிதியிலேயே முடியும். பராமரிப்புச் செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. கணக்கப்பிள்ளை ஐயா இதை ரசிப்பார்.

---

கணக்கப்பிள்ளை · திங்கள் இரவு 8.14

ரசிச்சுட்டேன்.

---

பஸ்_ஸ்டாப்_பார்வதி · திங்கள் இரவு 11.20

ஷிஃப்ட் முடிஞ்சு இப்பதான் வந்தேன். பாதுகாப்புன்னதும் எல்லாரும் வண்டி பத்தியே பேசறீங்க. 2022ல மட்டும் தமிழ்நாட்டுல ரோட்டு விபத்துல செத்தவங்க 17,884 பேர்னு மத்திய அரசுக் கணக்கு சொல்லுது, அதனால பேசறது சரிதான். ஆனா எனக்கு ராத்திரி பத்தரை மணின்னு ஒரு பயம் இருக்கு.

பஸ் ஸ்டாப்புலேர்ந்து எங்க வீட்டுக்கு ரெண்டு வழி. ஒண்ணு அகலமான ரோடு, எல்.இ.டி. விளக்கு, ரெண்டு பக்கமும் நீளமான காம்பவுண்டு சுவர். இன்னொண்ணு குறுகலான தெரு, விளக்கு மங்கல், ஆனா அங்க ஒரு இட்லிக்கடை அக்கா, பூக்கட்டற பாட்டி, இஸ்திரி வண்டி, ஒரு ஆட்டோ ஸ்டாண்டு. நான் தினமும் ரெண்டாவது வழியிலதான் வர்றேன். ஒரு நாள் லேட்டானா இட்லிக்கடை அக்கா "ஏன்டி இன்னிக்கு இவ்ளோ நேரம்?"னு கேப்பாங்க. எந்த கேமரா அப்படிக் கேக்கும்?

போன வருஷம் எங்க ஏரியா வாட்ஸ்அப் குரூப்புல "நடைபாதை ஆக்கிரமிப்பை அகற்றுக"ன்னு எல்லாரும் சேர்ந்து புகார் போட்டாங்க. லாரி வந்து இட்லிக்கடை அக்காவோட அடுப்பைத் தூக்கிட்டுப் போச்சு. ஒரு மாசம் அந்தத் தெரு செத்துப் போச்சு. நான் அம்மாவை ஸ்டாப்புக்கு வரச் சொல்லி அவங்களோடதான் வீட்டுக்குப் போனேன். இப்ப அக்கா திரும்பி வந்துட்டாங்க, ஆனா பயந்து பயந்துதான் கடை போடறாங்க.

---

சொந்தவீடு_சோகம் · செவ்வாய் காலை 7.05

பார்வதிம்மா, நீங்க சொல்றது மனசைத் தொடுது. ஆனா எங்க தெருவுல தள்ளுவண்டிக்காரங்க பாத்திரம் கழுவற தண்ணியை வடிகால்லயே ஊத்தறாங்க. எண்ணெய் அடைச்சுக்குது. மழைக்கு எங்க வீட்டுக்குள்ளதான் தண்ணி வருது.

---

ரிட்டயர்டு_ஜே.இ. · செவ்வாய் காலை 7.40

இரண்டு பேர் சொல்வதும் சரி. இதற்குத்தான் 2014இல் தெரு வியாபாரிகள் சட்டம் வந்தது. கணக்கெடுப்பு நடத்தி, அடையாள அட்டை கொடுத்து, எங்கே கடை போடலாம் என்று நகர விற்பனைக் குழு முடிவு செய்ய வேண்டும். அந்தக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். குடியிருப்போர் சங்கத்துக்கும் இடம் உண்டு. சங்கங்கள் புகார் எழுதுவதில் காட்டும் சுறுசுறுப்பை அந்தக் குழுவில் போய் உட்காருவதில் காட்டியிருந்தால், இட்லிக்கடைக்கு ஓர் இடமும் கழுவு தண்ணிக்கு ஒரு தொட்டியும் எப்போதோ வந்திருக்கும்.

---

வடவள்ளிக்காரன் · செவ்வாய் காலை 11.00

கோயமுத்தூர்லருந்து எழுதறனுங்க. எங்க பிரச்சனை வேறங்க. இங்க லேஅவுட் போடறப்ப பூங்காவுக்குன்னு 10 சதவீதம் இடம் ஒதுக்கோணும். 'ரிசர்வ் சைட்'னு சொல்லுவோம். காயிதத்துல இருக்கும், நேர்ல போனா அங்க யாரோ வீடு கட்டிக் குடி வந்திருப்பாங்க. எங்க லேஅவுட்ல அப்படி ஒரு 14 சென்ட்டு. ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா பத்து ரூவா கட்டி தகவல் உரிமைச் சட்டத்துல லேஅவுட் வரைபடம் வாங்கி, அதைப் பெருசா ஃப்ளெக்ஸ் அடிச்சு அந்த எடத்துலயே கட்டிட்டாங்க. வேற ஒண்ணுமே பண்ணலீங்க. அடுத்த மாசம் வேலி போட வந்தவன் அதைப் படிச்சுட்டுத் திரும்பிப் போயிட்டானுங்க.

கேஸ் இன்னும் நடக்குதுங்க. ஆனா எடம் காலியா இருக்கு, பசங்க கிரிக்கெட் வெளையாடறாங்க. அந்த எடத்தை இன்னிக்கு வெலைக்கு வாங்கோணும்னா மாநகராட்சி எத்தனை கோடி கொடுக்கோணும்? அந்தம்மா பத்து ரூவாயில மிச்சம் பண்ணிட்டாங்க.

---

மொட்டைமாடி_மல்லிகை · செவ்வாய் இரவு 9.15

ஹவுஸ் ஓனர்கிட்ட கேட்டேன். அவங்க அப்பாதான் கட்டியிருக்கார். "அந்த 5,000த்துக்கு எங்கம்மாவோட வளையல் ஒண்ணு அடகுக்குப் போச்சு"ன்னார். அப்புறம் பேச்சு வாடகைக்குத் திரும்பிடுச்சு. வரி ஏறினதால அடுத்த மாசத்துலேர்ந்து 1,000 கூடன்னு சொல்லிட்டார். எங்க பகுதி 2011லதான் சென்னை மாநகராட்சியோட சேர்ந்ததால வரி உயர்வு பழைய சென்னையை விடக் குறைவு, 25லேர்ந்து 100 சதவீதம்தான். அவருக்கு வருஷத்துக்கு ஏறினது எவ்வளவுன்னு நான் கேக்கல. எனக்கு ஏறினது 12,000.

சங்கம் நல்லது, சபை நல்லது, ரோடு நல்லாகும், எல்லாம் சரி. நல்லானதும் வாடகை ஏறும், நாங்க இன்னும் தள்ளிப் போவோம். இதுக்கு யாராவது பதில் சொல்லுங்க.

---

சொந்தவீடு_சோகம் · செவ்வாய் இரவு 9.50

வாடகைங்கறது சந்தை நிலவரம்மா. நாங்க என்ன பண்ண முடியும்?

---

கணக்கப்பிள்ளை · செவ்வாய் இரவு 10.25

சோகம் சார், பண்ண முடியும். போன வருஷம் உங்க எதிர்வீட்டுக்காரர் தரைத்தளத்துக்கு மேல ரெண்டு சின்ன போர்ஷன் எடுக்கறேன்னப்ப "பார்க்கிங் போயிடும், தண்ணி பத்தாது"ன்னு சங்கத்துல எதிர்த்ததா நீங்களே இன்னொரு இழையில எழுதியிருந்தீங்க. கோவிச்சுக்காதீங்க, நானும் எங்க தெருவுல அதையேதான் செஞ்சிருக்கேன். வீடு குறைவா இருக்கணும், ஆனா வாடகை மட்டும் ஏறக் கூடாதுன்னா எப்படி நடக்கும்?

2024 ஜூலையில சுய சான்று முறை வந்துச்சு. 2,500 சதுர அடிக்குள்ள மனை, 3,500 சதுர அடிக்குள்ள கட்டடம், தரைத்தளமும் ஒரு மாடியும்னா ஆன்லைன்ல விண்ணப்பிச்சு உடனே அனுமதி. பெரிய பில்டருக்கு இது தேவையே இல்ல. ஒரு போர்ஷன் கூடக் கட்டி வாடகைக்கு விடற நடுத்தரக் குடும்பத்துக்குத்தான் உதவும். ஒரே தெருவுல பத்துக் குடித்தனம் கூடினா அதே குழாய், அதே ரோடு, அதே விளக்குக் கம்பம். வரி மட்டும் கூட வரும். ஊருக்கு வெளிய புது நகர் போட்டா குழாய் புதுசு, ரோடு புதுசு, பஸ் புதுசு. ஏழைங்களைக் கொண்டு போய்க் கண்ணகி நகர்லயும் பெரும்பாக்கத்துலயும் வெச்சோமே, வீடு கொடுத்தோம், வேலை இருந்த இடம் இங்கயே நின்னுடுச்சு. பஸ்ஸுக்கே பாதிக் கூலி போன குடும்பங்க எத்தனை. 2021லேர்ந்து பெண்களுக்கு சாதாரண பஸ்ல கட்டணம் இல்லைன்னதும்தான் கொஞ்சம் மூச்சு விட்டாங்க.

தண்ணி பத்தாதுங்கறது உண்மையான கவலை, அதைத் தள்ளல. ஆனா 2003லயே எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆச்சு. உங்க தெருவுல அந்தத் தொட்டியை ஐப்பசிக்கு முன்னாடி திறந்து சுத்தம் பண்ற வீடு எத்தனை?

---

சொந்தவீடு_சோகம் · செவ்வாய் இரவு 11.02

ரெண்டு. அதுல எங்க வீடு இல்ல. சரி, வாங்கிக்கட்டிக்கிட்டேன்.

---

சும்மா_சொல்றேன் · புதன் காலை 8.40

நான் பொழுதுபோகாம வம்புக்கு எழுதறவன்னு எல்லாருக்கும் தெரியும். இன்னிக்கு ஒரு நிஜக் கதை. 90கள்ல எங்கம்மா எங்க தெரு எக்ஸ்னோராவுல செயலாளர். தெருவைச் சுத்தமா வெச்சுக்க 1989ல எம்.பி.நிர்மல் ஆரம்பிச்ச அமைப்பு அது. வீட்டுக்கு மாசம் பத்து ரூபா வசூல் பண்ணி, மூணு சக்கர வண்டி வாங்கி, 'தெரு அழகாளர்'னு ஒருத்தரை வெச்சு வீடு வீடா குப்பை எடுத்தாங்க. தெரு பளிச்சுனு இருந்துச்சு. அப்புறம் மாநகராட்சியே வீடு வீடா எடுக்க ஆரம்பிச்சதும் சங்கம் கலைஞ்சுது. சங்கம் கலைஞ்சதும் குப்பை வண்டி வரலேன்னா கேக்கறதுக்கும் ஆள் இல்லாமப் போச்சு. வண்டி போனதுல எங்கம்மாவுக்கு வருத்தம் கிடையாது. "மாசம் பத்து ரூபா வாங்கப் போறப்ப ஒவ்வொரு வீட்டுலயும் பேசுவேன், அது போச்சுடா"ம்பாங்க.

மல்லிகை, அடுத்த சபை எப்பன்னு சொல்லுங்க. நான் மடிப்பாக்கம், எனக்கு அங்க ஓட்டு இல்ல. பின்னாடி நின்னு வேடிக்கை பார்க்கலாமா?

---

ரிட்டயர்டு_ஜே.இ. · புதன் காலை 9.30

சபைக்கு முன் மூன்று வேலை. ஒரு காலைப் பொழுது, பள்ளி தொடங்கும் நேரத்தில், அந்த முக்கில் அரை மணி நேரம் நின்று எத்தனை பேர் ரோட்டில் இறங்குகிறார்கள் என்று எண்ணுங்கள். எண்ணிக்கை இருந்தால் எந்தப் பொறியாளரும் மறுக்கத் தயங்குவார். டேப் வைத்து அகலம் அளந்து ஒரு படம் போடுங்கள், கையால் போட்டால் போதும். கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதினதைப் போட்டோ எடுங்கள். விளக்கு எரியவில்லை போன்ற சில்லறைப் புகாரை சபைக்குக் கொண்டு போகாதீர்கள், அது மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு ஒரு போன்.

தை மாதத்துக்கு முன்பே போய்விடுங்கள். பட்ஜெட் எழுதின பிறகு போனால் அடுத்த வருஷம்தான்.

முடிந்தால் கட்டுவதற்கு முன் ஒரு வாரம் டிரம் வைத்துச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள், போக்குவரத்துப் போலீஸ் அனுமதியோடு. தி.நகர் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகல நடைபாதை திறந்தார்களே, அதற்கும் முதலில் இப்படித் தற்காலிகமாக ரோட்டை அடைத்துப் பார்த்துவிட்டுத்தான் கட்டினார்கள். டிரம் பிடிக்கவில்லை என்றால் உருட்டிக்கொண்டு போய்விடலாம். கான்கிரீட்டை உருட்ட முடியாது.

---

மொட்டைமாடி_மல்லிகை · ஏழு வாரம் கழித்து, சனி இரவு 10.05

எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு சபை நடந்துச்சு.

வந்தவங்க 34 பேர். பள்ளிக்கூட வாசல்ல நின்னு அம்மாக்கள்கிட்ட பேசினதுல 19 பேர் வந்தாங்க, அதுல பாதிப் பேர் வாடகைதான். அரை மணி நேரத்துல 112 பேர் அந்த முக்குல ரோட்டுல இறங்கினாங்க, அதுல 71 பேர் பிள்ளைங்க. என் பொண்ணுதான் ஸ்லேட்டுல கோடு போட்டு எண்ணினா. கவுன்சிலர் அந்த ஸ்லேட்டை வாங்கிப் பார்த்தார். ஏ.இ. (உதவிப் பொறியாளர்) படத்தைப் பார்த்துட்டு "இதை யார் சொல்லிக் கொடுத்தா?"ன்னு கேட்டார். சொல்லல.

நங்கநல்லூர் தாத்தா வந்திருந்தார்! அவர் ஓட்டு பக்கத்து வார்டு, ஆனாலும் வந்தார். 5,000 ரூபா ரசீதை ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கொண்டு வந்து எல்லாருக்கும் காட்டினார். மஞ்சளா ஆயிடுச்சு, முத்திரை மட்டும் தெரியுது. எங்க ஹவுஸ் ஓனரும் வந்தார். அவங்க அப்பா பேரைச் சொன்னதும் தாத்தாவுக்கு ஆளே ஞாபகம் வந்துடுச்சு. ரெண்டு பேரும் வெளிய டீக்கடையில அரை மணி நேரம் பேசிட்டு இருந்தாங்க. வாடகை 1,000ம் அப்படியேதான் இருக்கு, அதுல மாத்தம் இல்ல.

தீர்மான நோட்டுல எங்களுது மூணாவது. போட்டோ எடுத்துட்டேன். பொங்கலுக்கு அப்புறம் ஒரு வாரம் டிரம் வெச்சுப் பார்க்கறதா சொல்லியிருக்காங்க. முதல் தீர்மானம் முருங்கை மரம்.

---

சும்மா_சொல்றேன் · சனி இரவு 10.20

பின்னாடி சுவரோரமா நின்னது நான்தான். இந்தத் தடவை போட்ட நாற்காலி பத்தல.

---

ரிட்டயர்டு_ஜே.இ. · ஞாயிறு காலை 6.10

டிரம் வைக்கும் அன்று மறுபடியும் அரை மணி நேரம் எண்ணுங்கள், அதே ஸ்லேட்டில். டிரம்மில் ராத்திரி ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். அந்த முக்கில் வடிகால் மூடி எந்தப் பக்கம் இருக்கிறது? படத்தில் தெரியவில்லை. வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள்.